ஊர் டாக்டர் கண்ட கிருமி

ஈரோடு ஜங்ஷனில் பையும் மூட்டையுமாக ரயிலை விட்டு இறங்கும் வடமாநிலத் தொழிலாளர்களைப் பார்த்திருப்பீர்கள். விசைத்தறிக் கூடம், சாயப்பட்டறை, பெருந்துறை சிப்காட் என்று வேலை தேடி வருகிறவர்கள் இவர்கள். ஒரே அறையில் பலர் நெருக்கியடித்துத் தங்குவதால், ஒருவருக்குக் காசநோய் இருந்தால் மற்றவர்களுக்கும் எளிதில் தொற்றும். அதனால்தான் இருமல் உள்ளவர்களின் சளியைப் பரிசோதிக்கிறார்கள். அந்தச் சளியில் எதைத் தேடுகிறார்கள் தெரியுமா? ஒரு கிருமியை! அதை முதன்முதலில் கண்டுபிடித்தவரின் கதைதான் இது.

ராபர்ட் கோக், 1843 டிசம்பர் 11-ல் ஜெர்மனியின் கிளாஸ்தால் என்ற ஊரில் பிறந்தார். அப்பா சுரங்க அதிகாரி. வீட்டில் 13 குழந்தைகள்! மருத்துவம் படித்து முடித்த கோக், 1872-ல் வோல்ஸ்டைன் என்ற சிற்றூருக்கு அரசு மருத்துவராகப் போனார். இன்று அந்த ஊர் போலந்து நாட்டில் இருக்கிறது.

அங்கே அவருக்குப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் கிடையாது. நோயாளிகளைப் பார்க்கும் வீட்டிலேயே, ஒரு மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்தப் பகுதியில் ஆடு, மாடுகள் அடைப்பான் நோயால் செத்துக்கொண்டிருந்தன. அந்த நோய்க்கு ஒரு கிருமிதான் காரணம் என்பதை 1876-ல் நிரூபித்தார். ஒரு சின்ன ஊர் டாக்டர் இதைச் செய்தாரா என்று பெரிய விஞ்ஞானிகளே வியந்துபோனார்கள்!

அடுத்து அவர் கையில் எடுத்தது காசநோய். அந்தக் காலத்தில் அது பரம்பரையாக வருகிற வியாதி என்று பலர் நம்பினார்கள். நோயாளியின் குடும்பத்தையே ஒதுக்கி வைத்தவர்களும் உண்டு. கோக் பொறுமையாகச் சாயம் ஏற்றி ஏற்றிப் பார்த்து, கண்ணுக்குத் தப்பிய கிருமியைப் பிடித்தார். 1882 மார்ச் 24-ல் பெர்லினில் அதை உலகுக்கு அறிவித்தார். அந்த நாளைத்தான் உலகக் காசநோய் தினமாகக் கடைப்பிடிக்கிறோம்.

நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார் கோக்! 1883 கடைசியில் கொல்கத்தா வந்து, காலரா கிருமியை ஆராய்ந்தார். அசுத்தமான குளத்து நீரில் அது இருப்பதைக் கண்டார்.

அந்த அறிவு 1892-ல் கைகொடுத்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் காலரா பரவி, 8,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அமெரிக்கா செல்லக் கப்பலுக்குக் காத்திருந்த ரஷ்ய ஏழைகள்தான் நோயைக் கொண்டுவந்தார்கள் என்று பழி போட்டார்கள் பலர். அரசு அனுப்பி அங்கே போன கோக், குடிநீரைக் கவனித்தார். ஹாம்பர்க் மக்கள் ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்தார்கள். பக்கத்து ஊரான அல்டோனாவிலோ மணலில் வடிகட்டிய நீர். அங்கே நோய் மிகக் குறைவு! ஊர் முழுக்க நோயைப் பரப்பியது வெளியூர் ஆட்கள் அல்ல, வடிகட்டாத தண்ணீர்தான் என்பது தெளிவானது.

கோக்குக்கும் ஒரு பெரிய சறுக்கல் உண்டு. 1890-ல் டியூபர்குலின் என்ற மருந்து காசநோயைக் குணமாக்கும் என்று அறிவித்தார். நோயாளிகள் பெர்லினுக்கு ஓடி வந்தார்கள். மருந்து பலிக்கவில்லை, சிலர் இறந்தும் போனார்கள். பெரிய அவப்பெயர்! ஆனால், அதைத் துளியளவு தோலில் போட்டால், கிருமி உடலில் புகுந்தவர்களுக்கு அந்த இடம் தடிப்பதைப் பின்னால் வந்த மருத்துவர்கள் கண்டார்கள். அப்படி, தோற்றுப்போன மருந்து பரிசோதனையாக மாறியது! பல நாடுகளில் புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்திருக்கிறார்கள். இப்போது ரத்தப் பரிசோதனையும் வந்துவிட்டது.

1905-ல் நோபல் பரிசு பெற்ற கோக், 1910 மே 27-ல் மறைந்தார். குணமாக்கும் மருந்துகள் 1940-களில்தான் வந்தன. அதுவரை ஓய்வு, நல்ல காற்று, சத்தான உணவு இவைதான் சிகிச்சை. நம் பெருந்துறையில், இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் இடத்தில் காசநோயாளிகளுக்கான சானடோரியம் இருந்தது. பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்று சாதாரணக் காசநோய் ஆறு மாத மருந்தில் குணமாகிவிடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். தெருமுனை கிளினிக் டாக்டர் ஒருவருக்குக் காசநோய் இருப்பதைக் கண்டாலும், அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். 2012 முதல் இது கட்டாயம். வேலை செய்கிறவர் பாதியில் வேறு ஊருக்குப் போனாலும், அங்கேயும் சிகிச்சையைத் தொடரலாம்.

ஆனால் பரிசோதனைக்கு வர, பயம் போகவேண்டுமே! நோய் தெரிந்தால் வேலை போய்விடும், அறையைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பயந்து இருமலை மறைக்கிறவர்கள் உண்டு. மறைத்தால் அவருக்கும் ஆபத்து, அறையில் கூட இருப்பவர்களுக்கும் ஆபத்து. கிருமிக்கு உள்ளூர், வெளியூர் தெரியாது. பீகார் அண்ணனானாலும் நம் வீட்டுத் தாத்தாவானாலும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல், அன்பாகச் சொல்லுங்கள். செய்வீர்கள்தானே?