திக்கிய நாவும் திக்காத எழுத்தும்

ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1874ஆம் ஆண்டு பாரிசில் பிறந்தார். எட்டு வயதில் தாயையும் பத்து வயதில் தந்தையையும் இழந்து, இங்கிலாந்தில் பாதிரியாரான சிற்றப்பனின் இல்லத்தில் வளர்ந்தார். பள்ளியில் அவரது திக்குவாய் நகைப்புக்கு இலக்காயிற்று. வாழ்நாள் முழுதும் அது நீங்கவில்லை.

அச்சமே திக்குவாய்க்கு வேர் எனப் பலர் எண்ணுவர். பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளை இயக்கமும் மரபுக்கூறுகளுமே அதன் அடிப்படை என்று இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. அச்சம் அதனை மிகுவிக்கும். திக்குந்தோறும் அச்சமும் வளரும். தம் வாழ்வைத் தழுவி 1915இல் வெளியிட்ட 'ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்' புதினத்தில், தம் திக்குவாய்க்கு ஈடாகக் கதைத்தலைவனுக்கு வளைந்த பாதத்தை அமைத்தார் மாம்.

1938இல் திருவண்ணாமலைக்கு வந்தவர், இரமண மகரிசியைக் காணுமுன்பே மயங்கி விழுந்தார். மகரிசியே அவர் ஓய்வெடுத்த அறைக்கு வந்து அமர்ந்தார். பெரும்பொழுது மௌனத்திலேயே கழிந்தது. சொல்லுக்காகத் தவித்தவரிடம் அங்கு யாரும் சொல்லை எதிர்பார்க்கவில்லை. 1944இல் வெளிவந்த 'தி ரேசர்ஸ் எட்ஜ்' புதினத்தின் இந்திய ஞானி, அச்சந்திப்பில் கருக்கொண்டவர். மாம் 1965இல் மறைந்தார்.

கொல்லிமலையில் பத்தாண்டுகளாகக் கூடும் நம் வட்டத்திலும், எழுதிய கவிதையை வாசிக்க அஞ்சுவோர் உளர். அவர்தம் சொல்லை நாம் முடித்துவிடாது, அது வரும்வரை காத்திருப்போம்.