மாணவர் தங்கிப் படிக்க ஓர் இல்லம்: சர் செய்யித் அஹ்மத் கான் அவர்களின் வாழ்வு



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பகுதிப் பிள்ளைகள் வாணியம்பாடிக்கும் திருச்சிக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படுகின்றனர். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்றதும் பெற்றோரும் ஜமாஅத்தாரும் நிம்மதியடைந்து விடுகிறோம். விடுதிக் கட்டணம், ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் புரியாத திகைப்பு, புதிய ஊரில் தனிமை, ஃபஜ்ருக்கு எழுப்ப ஆளில்லாமை ஆகிய தொல்லைகள் அதற்குப் பிறகே தொடங்குகின்றன. தங்குமிடமும் துணையும் பொருளுதவியும் அமையாத மாணவன் படிப்பில் நிலைக்க மாட்டான் என்பதை ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, அதற்காகத் தம் முதுமையைச் செலவிட்டவர்கள் அலிகர் சர் செய்யித் அஹ்மத் கான் அவர்கள்.

அவர்கள் 1817 அக்டோபர் 17 அன்று, ஹிஜ்ரி 1232 துல்ஹஜ் மாதத்தில், டில்லியில் பிறந்தார்கள். தாயார் அஜீஸுன்னிஸா பேகம் கண்டிப்பு மிக்கவர். சிறுவனாக இருந்தபோது செய்யித் அவர்கள் வயதான பணியாளர் ஒருவரை அடித்துவிட்டார்கள். தாயார் மகனை வீட்டை விட்டே வெளியேற்றிவிட்டார். சிற்றன்னை வீட்டில் தங்கியிருந்து, அப்பணியாளரிடம் மன்னிப்புக் கேட்ட பின்னரே மகனுக்கு வீட்டுக் கதவு திறந்தது. பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தங்கும் விடுதியை அமைத்தவருக்கு முதல் பாடம் இங்கேதான் கிடைத்தது என்று நான் கருதுகிறேன்.

தந்தையார் 1838-இல் மறைந்தார். குடும்பச் சுமை காரணமாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதித்துறையில் சேர்ந்தார்கள். 1857 பெருங்கிளர்ச்சியின்போது பிஜ்னூரில் பணியில் இருந்தார்கள். டில்லி வீழ்ந்தபின் அங்கு சென்று தேடியபோது, தாயார் குதிரைக்காரரின் குடிசையில் உணவும் நீருமின்றி ஒடுங்கிக் கிடக்கக் கண்டார்கள். மீரட்டுக்கு அழைத்து வந்தும் பலனின்றித் தாயார் சிறிது காலத்தில் இறையடி சேர்ந்தார். அழிந்துபோன சமுதாயத்தைக் கல்வியால்தான் மீட்க இயலும் என்ற உறுதி அதன்பின் அவர்களிடம் வலுப்பெற்றது. 1859-இல் முராதாபாத்திலும் 1863-இல் காஜிப்பூரிலும் பள்ளிகளை நிறுவினார்கள்.

1869-இல் அவர்களுடைய மகன் செய்யித் மஹ்மூத், அரசு உதவித்தொகை பெற்று இங்கிலாந்தில் பயிலச் சென்றார். தந்தையும் உடன் சென்றார்கள். அப்பயணச் செலவுக்காகத் தம் நூலகத்தை விற்று, வீட்டையும் அடகு வைத்தார்கள். கேம்பிரிட்ஜில் மாணவர்கள் கல்லூரிக்குள்ளேயே தங்கி, ஒரே கூடத்தில் உண்டு, ஆசிரியரின் நேரடிக் கண்காணிப்பில் வளர்வதைக் கண்டபோது, இந்தியாவில் இல்லாதது எது என்பது அவர்களுக்கு விளங்கிற்று. 1870-இல் நாடு திரும்பினார்கள்.

1875 மே 24 அன்று அலிகரில் ஒரு பள்ளியாகத் தொடங்கியது அம்முயற்சி. 1877 ஜனவரி 8 அன்று லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். மறு ஆண்டு கல்லூரி வகுப்புகள் தொடங்கின. அதுவே முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரி. வகுப்பறைகளுக்கு இணையாக விடுதி அறைகளையும் அவர்கள் கட்டினார்கள். நன்கொடை அளித்தோரின் பெயர்களைக் கட்டடச் சுவர்களில் பொறித்தார்கள். ஸுன்னத் வல் ஜமாஅத் மாணவருக்கும் ஷியா மாணவருக்கும் தனித்தனி மார்க்க போதனை அளிக்கப்பட்டது. இந்து மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். அங்கிருந்து முதன்முதலில் பட்டம் பெற்றவரே ஈசுவரி பிரசாத் என்னும் இந்து மாணவர்தாம். 1884-இல் மாணவர் சொற்பயிற்சி மன்றம் ஏற்பட்டது. முதல்வர் தியோடர் பெக், பேராசிரியர் ஆர்னால்டு, அரபியும் பாரசீகமும் கற்பித்த மௌலானா ஷிப்லி நுஃமானி ஆகியோர் வகுப்புக்கு வெளியிலும் மாணவரோடு பழகினர்.

இத்தனைக்கும் பணம் வேண்டுமே! செய்யித் அவர்கள் ஊர் ஊராகச் சென்று கையேந்தினார்கள், குலுக்குச்சீட்டு நடத்தினார்கள், வெண்தாடியோடு மேடையேறிக் கவி பாடியும் நிதி திரட்டினார்கள். குலுக்குச்சீட்டை ஓர் ஆலிமாக நான் ஏற்க இயலாது. ஆயினும் சமுதாயப் பிள்ளைகளுக்காகத் தம் மானத்தைப் பாராத அந்த மனத்தை மதிக்கிறேன்.

உலமாக்களின் எதிர்ப்பையும் இங்குச் சொல்லியாக வேண்டும். முஃஜிஸாக்கள் பற்றியும் வானவர்கள் பற்றியும் தம் தஃப்ஸீரில் அவர்கள் எழுதியவற்றை அக்கால உலமாக்கள் கடுமையாக மறுத்தனர். மக்கா வரை சென்று எதிராக ஃபத்வா பெற்று வந்தவரும் உண்டு. அக்கருத்துகளை நாமும் ஏற்பதற்கில்லை. எனினும் தம் சொந்தக் கருத்துகளைக் கல்லூரியின் மார்க்கப் பாடத்தில் அவர்கள் திணிக்கவில்லை. தேவ்பந்த் மௌலானா காசிம் நானூத்வி (ரஹ்) அவர்களின் மருமகனார் மௌலானா அப்துல்லாஹ் அன்சாரி அவர்களே அங்கு மார்க்கக் கல்விக்குப் பொறுப்பேற்றார்கள். 1880-இல் நானூத்வி அவர்கள் மறைந்தபோது, கருத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாது அவர்களைப் பாராட்டி எழுதியவர்கள் செய்யித் அவர்கள்.

குறைகளும் இருந்தன. பெண் கல்விக்கு அவர்கள் முன்னுரிமை தரவில்லை. அலிகரில் பெண்களுக்கான பள்ளி 1906-இல்தான், ஷேக் அப்துல்லாஹ் தம்பதியரின் முயற்சியால் வந்தது. விடுதியில் பெரும்பாலும் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளே தங்கினர். ஏழை மாணவர் நிலை என்ன? இக்கேள்விக்கு விடை கண்டவர்கள் மாணவர்களே. 1890-இல் ஸாஹிப்ஜாதா அஃப்தாப் அஹ்மத் கான் முன்னின்று அன்ஜுமனுல் ஃபர்ஸ், அதாவது கடமைச் சங்கம், என்பதை அமைத்தார். கோடை விடுமுறையில் மாணவர்கள் ஊர்களுக்குச் சென்று நன்கொடை திரட்டினர். புத்தகமும் எழுதுபொருளும் விற்கும் கடை ஒன்றை நடத்தி, அதன் ஆதாயத்தையும் ஏழை மாணவர் நிதியில் சேர்த்தனர். படிக்கும் மாணவனே உடன் படிக்கும் மாணவனுக்குக் கட்டணம் திரட்டிய செயல் இது. ஆய்வு மாணவருக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் நிறுத்திவிட்ட பின், இவ்வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமாகிறது. ஏழை மாணவனின் விடுதிக் கட்டணத்துக்கு ஜகாத் நிதி தரலாமா என்று ஜமாஅத்தார் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அவன் ஏழையாக இருப்பின், அத்தொகையை அவன் கையில் உடைமையாக ஒப்படைத்துவிட்டால் போதுமானது.

1895-இல் பேரிடி ஒன்று விழுந்தது. கல்லூரிக் கணக்கைக் கவனித்த தலைமை எழுத்தர் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் கையாடியது வெளிப்பட்டது. மக்கள் தந்த பணம் போயிற்றே என்ற துயரம் முதியவரை வாட்டிற்று. கணக்கைத் தணிக்கை செய்து ஆண்டறிக்கையில் அச்சிடும்படி நம் நிர்வாகிகள் வற்புறுத்துவதன் அருமை இங்கே புரியும்.

1898 மார்ச் 27 அன்று, நண்பர் ஹாஜி இஸ்மாயில் கான் அவர்களின் இல்லத்தில் செய்யித் அவர்கள் மறைந்தார்கள். கையில் பணம் ஏதும் இல்லை. அடக்கச் செலவையும் நண்பர்களே ஏற்றனர். கல்லூரிப் பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். 1886-இல் அவர்கள் தோற்றுவித்த கல்வி மாநாடு 1901-இல் சென்னையில் கூடியது. 1919-இல் நமக்கு அருகிலுள்ள வாணியம்பாடியில் இஸ்லாமியக் கல்லூரி எழுந்தது. அலிகர் கல்லூரி 1920-இல் பல்கலைக்கழகமாயிற்று. கடமைச் சங்கம் இன்றும் அங்கு ஏழை மாணவருக்கு உதவி வருகிறது.