நாட்டுப்பாடல் காத்த நல்லறிஞர் கி.வா.ஜ.

வாகீச கலாநிதி கி.வா. ஜகந்நாதன் என்றவுடன் திருமுருகாற்றுப்படைக்கும் கந்தர் அலங்காரத்திற்கும் அவர் அளித்த விளக்கங்களே பக்தர்களின் நினைவுக்கு வரும். அப்பெருமகனார் ஏர் உழுவோரும் ஏற்றம் இறைப்போரும் பாடிய பாடல்களையும் அதே பக்தியோடு காத்தவர் என்பது பலர் அறியாத செய்தியாகும்.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் கிருஷ்ணராயபுரத்தில் பிறந்த அவர், காவிரிக் கரையில் உள்ள மோகனூரில் வளர்ந்தார். அவ்வூர்க் காந்தமலை முருகன்பால் இளமையிலேயே அன்பு பூண்டு கவிதை புனைந்தார். பின்னர்த் தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையரின் மாணவராகி, 1942இல் ஆசிரியர் மறையும் வரை உடனிருந்து பதிப்புப் பணிகளில் துணைநின்றார். 1932இல் தோன்றிய கலைமகள் இதழில் சேர்ந்து, அதன் ஆசிரியராக உயர்ந்து, வாழ்நாள் முழுவதும் அப்பணியை ஆற்றினார்.

ஆசிரியர் ஊர் ஊராக அலைந்து, கரையானுக்கு இரையாகவிருந்த ஏட்டுச்சுவடிகளை மீட்டார். நாட்டுப்பாடலுக்கோ ஏடும் இல்லை. பாடிய கிழவி மறைந்தால் பாட்டும் உடன் மறையும். இலக்கண வழுவுடையது, கல்லாதார் வாய்ச்சொல் என்று புலவர் பலர் அதனை ஒதுக்கிய காலத்தில், கி.வா.ஜ. அப்பாடல்களைத் தேடிக் கேட்டு எழுதிக்கொண்டார். கட்டுரைகளாலும் நூல்களாலும் அவற்றின் சுவையை உலகறியச் செய்தார்.

அவர் பெரிதும் போற்றியவற்றுள் ஒன்று ஏற்றப்பாட்டு. ஒருவர் ஏற்றமரத்தின்மீது முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் சாலினைப் பிடித்து நீர் இறைப்பார். பிள்ளையார் வணக்கத்துடன் பாட்டுத் தொடங்கும். இறைத்த சால்களின் எண்ணிக்கையும் பாட்டிலேயே கோக்கப்பட்டிருக்கும். உழைப்பின் களைப்பைப் போக்கும் இசை, கணக்கிடும் கருவி, கடவுள் வழிபாடு ஆகிய மூன்றும் ஒன்றாய் அமைந்த இப்பாடலை எழுத்தறியாத உழவர்களே தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர்.

அருளாளர்களும் இத்தகைய பாடல்களை இகழ்ந்தாரல்லர். பெண்கள் அம்மானை ஆடும்போதும், பொற்சுண்ணம் இடிக்கும்போதும், ஊசலாடும்போதும் பாடிய பாட்டு வடிவங்களையே மணிவாசகப் பெருமான் திருவாசகத்தில் எடுத்தாண்டார். பெரியாழ்வார் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடினார். இளங்கோவடிகள் குரவைப் பாடல்களைக் காப்பியத்தில் அமைத்தார். திருமுறையும் தெம்மாங்கும் அயலவை அல்ல என்பதற்கு இவையே சான்றாகும்.

பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கிலேய அதிகாரி தமிழகத்தில் நாட்டுப்பாடல்களைத் திரட்டி வைத்திருந்தார். அத்திரட்டைக் கி.வா.ஜ. வகைப்படுத்தி, விரிவான முன்னுரையுடன் பதிப்பிக்க, தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1958இல் 'மலையருவி' என்னும் பெயரில் வெளியிட்டது. தெம்மாங்கு, தாலாட்டு, கும்மி, தொழிற்பாட்டு எனப் பல்வகைப் பாடல்கள் அதில் இடம்பெற்றன. சங்க நூலைப் பதிப்பிக்கக் கற்ற கை, பெயர் தெரியாத உழைப்பாளியின் பாட்டையும் அதே கவனத்தோடு பதிப்பித்தது. மக்கள் நாவில் வழங்கிய பழமொழிகளையும் பல்லாண்டுகள் சேர்த்து நான்கு தொகுதிகளாக்கினார்.

'வீரர் உலகம்' என்னும் நூலுக்காக 1967இல் சாகித்திய அகாதெமி பரிசு அவருக்குக் கிடைத்தது. மேடைதோறும் சிலேடை நயம் ததும்பப் பேசிய அவர், 1988ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

மலையருவியில் இடம்பெற்ற பாடல்கள் இன்றும் நூலகங்களில் உள்ளன. எவரும் எழுதி வைக்காத பாடல்களோ பாடியோருடனேயே மறைந்துவிட்டன. தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறையினர் பாடிய தாலாட்டும் காவடிப் பாட்டும் இன்னும் சில முதியோர் நெஞ்சில் தங்கியிருக்கக்கூடும். திருவிழாவுக்குக் குடும்பத்தோடு கூடும் இவ்வேளையில், இளையோர் அவர்களருகே அமர்ந்து கேட்டு எழுதி வைப்பார்களாயின், அதுவே அப்பெரியாருக்குச் செய்யும் நன்றிக்கடனாகும். முருகன் திருவருள் துணைநிற்பதாக!