காத்திருந்த உழவர்: வில்லியம் மில்லர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சமய வரலாற்றில் 'பெரும் ஏமாற்றம்' என்னும் பெயராலேயே வழங்கிவரும் நாள் ஒன்று உண்டு. 1844 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22 ஆம் நாள் அது. அன்று இயேசு கிறிஸ்து வானத்தினின்று இறங்கி வருவார், மரித்த அடியார் உயிர்த்தெழுவர், உயிரோடிருக்கும் அடியார் மறுரூபம் பெற்று அவரோடு சேர்வர் என நம்பிப் பல்லாயிரவர் காத்திருந்தனர். அந்நம்பிக்கைக்கு வித்திட்டவர் இறையியல் கல்லூரியின் படியை மிதித்தறியாத ஓர் உழவர். வில்லியம் மில்லர் என்பது அவர் பெயர். நாள் குறித்து மக்களை ஏமாற்றியவர் என்றே அவரைப் பலரும் அறிவர். அந்த நாளை முதலிற் குறித்தவர் அவர் அல்லர் என்பதும், அது பொய்த்தபின் அவர் நடந்துகொண்ட முறையும் அத்துணை பரவலாக அறியப்படவில்லை.

மில்லர் 1782 பிப்ரவரி 15 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டில் பிறந்தார். அவருடைய நான்காம் வயதில் குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் லோ ஹாம்ப்டனுக்குக் குடிபெயர்ந்தது. காடு வெட்டி நிலம் திருத்திய காலம் அது. பதினாறு பிள்ளைகளுள் மூத்தவரான அவருக்கு முறையான கல்வி குறைவு. இரவில் அடுப்பு வெளிச்சத்தில் படித்துத் தேர்ந்தவர். 1803 இல் லூசி ஸ்மித் என்பாரை மணந்து வெர்மான்ட் மாநிலத்துப் பூல்ட்னியில் வாழத் தொடங்கினார். அங்கே வால்ட்டேர், ஹியூம், பெயின் ஆகியோரின் நூல்கள் கைக்கு வந்தன. கடவுள் உலகைப் படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார், வேதம் மனிதர் புனைந்தது என்னும் கொள்கைக்கு அவர் மாறினார். போதகராயிருந்த தம் பாட்டனாரைப் போல நடித்துக்காட்டி நண்பர்களைச் சிரிக்கவைப்பது அந்நாளில் அவருக்குப் பொழுதுபோக்கு.

அந்தச் சிரிப்பை அடக்கியது போர். 1812 இல் இங்கிலாந்தோடு மூண்ட போரில் அவர் படைத்தலைவராகப் பணியாற்றினார். 1814 செப்டம்பர் 11 அன்று பிளாட்ஸ்பர்க்கில் அமெரிக்கப் படை தன்னினும் பன்மடங்கு பெரிய படையை எதிர்கொண்டது. வெடிகுண்டு ஒன்று மில்லரின் காலடியருகே வெடித்து உடனிருந்தவர்களைக் காயப்படுத்தியது. அவர் மேல் ஒரு கீறலும் இல்லை. எதிர்பாராத வெற்றியும் கிட்டியது. ஒதுங்கிக்கொண்ட கடவுள் இதில் எப்படித் தலையிட்டார் என்ற கேள்வி அவரை விட்டு நீங்கவில்லை. மரணத்தோடு யாவும் முடிந்துவிடுமெனில் வாழ்வு எதற்கு என்ற கேள்வி அதனினும் கொடியதாயிற்று.

போர் முடிந்து லோ ஹாம்ப்டன் திரும்பியவர், தாயின் மனம் நோகாதிருக்கக் கோயிலுக்குப் போய்வந்தார். போதகர் இல்லாத நாட்களில் உதவிக்காரர்கள் அச்சிட்ட பிரசங்கங்களைத் தட்டுத்தடுமாறி வாசிப்பார்கள். அந்நாட்களில் அவரைக் காணமுடியாது. தாம் வாசிப்பதானால் வருவதாகச் சொன்னார், அவ்வாறே பணித்தனர். நம்பிக்கையற்றவர் ஒருவரை மேடையேற்றிய அந்தச் சிற்றூர்ச் சபையின் சாமர்த்தியம் மெச்சத்தக்கது. 1816 இல் ஒருநாள் வாசித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சு நெகிழ்ந்து தொடரமுடியாமல் அமர்ந்துவிட்டார். தாம் எள்ளி நகையாடிய இரட்சகர் தமக்கு வேண்டியவர் என்று அவர் கண்டது அப்போதுதான்.

பழைய நண்பர்கள் விடவில்லை. வேதத்திலுள்ள முரண்பாடுகளுக்கு விடை என்ன என்று மடக்கினர். அவகாசம் கொடுத்தால் விடை தருவதாகச் சொல்லி, உரைநூல்களை ஒதுக்கிவிட்டுக் குரூடன் தொகுத்த சொல்லடைவை மட்டும் துணையாகக் கொண்டு ஆதியாகமத்திலிருந்து வசனம் வசனமாகப் படிக்கலானார். ஒன்று விளங்காமல் அடுத்ததற்குப் போகார். தானியேல் தீர்க்கதரிசியின் எட்டாம் அதிகாரத்தில் அவர் நின்றுவிட்டார். 2300 நாட்கள் சென்றபின் பரிசுத்த ஸ்தலம் தூய்மையாக்கப்படும் என்பது அங்குள்ள செய்தி. தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் ஓர் ஆண்டைக் குறிக்கும் என்பது பல நூற்றாண்டுகளாக உரைகாரர் பலர் கொண்ட முறை. ஒன்பதாம் அதிகாரத்தின் எழுபது வாரங்கள், அதாவது 490 ஆண்டுகள், கி.மு. 457 இல் அர்தசஷ்டா மன்னன் எஸ்றாவுக்குக் கொடுத்த ஆணையில் தொடங்கிக் கி.பி. 33 இல் கிறிஸ்துவின் மரணத்தோடு முடிந்தன என்று அவர் கணக்கிட்டார். அதே தொடக்கத்திலிருந்து 2300 ஆண்டுகளை எண்ணினால் 1843 வரும். தூய்மை பெறவேண்டிய ஸ்தலம் இந்தப் பூமி. தூய்மையாக்குவது கிறிஸ்து வருகையின் நெருப்பு. இம்முடிவை அவர் எட்டிய ஆண்டு 1818.

அக்காலத்துப் போதகருட் பலர், கல்வியாலும் சீர்திருத்தத்தாலும் உலகம் படிப்படியாகத் திருந்தி ஆயிரமாண்டுப் பொற்காலம் மலரும், அதன்பின்பே கிறிஸ்து வருவார் எனக் கற்பித்தனர். மில்லர் இதை மறுத்தார். முதலிற் கிறிஸ்து வருவார். அடியாருக்குரிய பலன் அவரோடு வரும். கல்லறையிலிருந்து எழுந்தவரும் உயிரோடிருந்தவரும் புதுப்பிக்கப்பட்ட இதே மண்ணில் அவரோடு அரசாள்வர். நிலத்தை உழுதவருக்கு நிலமே பரிசாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இத்துணை பெரிய செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பதின்மூன்று ஆண்டுகள் மேடையேறவில்லை. கணக்கில் பிழையிருக்குமோ என்ற அச்சமும் கூச்சமும் தடுத்தன. உலகுக்குச் சொல் என்ற உந்துதல் ஓயாமல் வருத்தவே, 1831 ஆகஸ்டில் ஒருநாள், யாரேனும் அழைத்தால் போகிறேன் என்று கடவுளுக்கு வாக்களித்தார். அழைக்க யார் வரப்போகிறார் என்ற தைரியந்தான். அரைமணி நேரத்துக்குள் தங்கை மகன் டிரெஸ்டனிலிருந்து வந்து, மறுநாள் போதகர் இல்லை, வந்து பேசவேண்டும் என்றான். மில்லர் சினத்தோடு தோப்புக்குள் போய் இறைவனோடு போராடித் தோற்றுத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

பின்னர் எட்டாண்டுகள் சிற்றூர்களிலேயே பேசினார். 1839 இல் பாஸ்டன் நகரப் போதகர் ஜோஷுவா ஹைம்ஸ் அவரைச் சந்தித்தபின் எல்லாம் மாறியது. பத்திரிகைகள் வெளிவந்தன, தானியேலின் விலங்குகளும் எண்களும் தீட்டிய படங்கள் ஊரூராகச் சென்றன, ஆயிரக்கணக்கானோர் அமரும் பெருங்கூடாரம் எழுந்தது. 1837 இன் பணநெருக்கடியில் நொந்திருந்த மக்கள் திரண்டு வந்தனர். 1843 மார்ச்சில் பகலிலும் தெரிந்த வால்மீன் ஒன்று பரபரப்பைக் கூட்டியது.

நாள் எது என்று கேட்டவர்களுக்கு மில்லர் நாள் சொல்லவில்லை. யூத ஆண்டைக் கணக்கிட்டு 1843 மார்ச் 21 முதல் 1844 மார்ச் 21 வரை என்றார். அக்காலம் கடந்ததும் தம் கணிப்புத் தவறியதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கி.மு. 1 ஐ அடுத்துக் கி.பி. 1 வருகிறது, இடையே சுழிய ஆண்டு இல்லை, ஆகவே ஓராண்டு கூடும் என்று சிலர் விளக்கினர். சாமுவேல் ஸ்னோ என்பவர் இன்னும் ஒருபடி சென்று, பிரதான ஆசாரியன் பரிசுத்த ஸ்தலத்திலிருந்து வெளிவரும் பாவநிவாரண நாளே கிறிஸ்து வெளிப்படும் நாள் என வாதிட்டார். காராயிய யூதரின் நாட்காட்டிப்படி அது அக்டோபர் 22. ஆகஸ்டில் எக்சிட்டர் முகாமில் இது தீயாய்ப் பற்றியது. மில்லர் தயங்கித் தயங்கி அக்டோபர் 6 இல்தான் இணங்கினார். தலைவரைத் தொண்டர்கள் இழுத்துச் சென்ற கதை இது.

உழவர் சிலர் உருளைக்கிழங்கைத் தோண்டாமலே வயலில் விட்டனர். வணிகர் சிலர் கடையடைத்துக் கடன்களைத் தீர்த்தனர். வெள்ளுடை தைத்து மரங்களில் ஏறிக் காத்திருந்தனர் என்னும் கதைக்குத் தக்க சான்று இல்லை. கேலிப் பத்திரிகைகள் வளர்த்துவிட்டது அது. பொழுது புலர்ந்தது. அழுதவர் அழுதனர். தெருவில் கண்டவரெல்லாம் இன்னும் மேலே போகவில்லையா என்று வினவினர். சில ஊர்களில் கூட்டத்தார் தொழுகையிடங்களையும் தாக்கினர்.

மில்லர் ஒளிந்துகொள்ளவில்லை. 1845 இல் அவர் சார்ந்திருந்த பாப்திஸ்துச் சபை அவரை விலக்கிற்று. அவ்வாண்டே தம் வரலாற்றையும் கணக்கையும் விளக்கி ஒரு சிறுநூல் எழுதினார். காலத்தைப் பற்றிய தம் கணிப்புத் தவறியது என அதில் மறைக்காமல் உரைத்தார். வருகையும் பலனும் தவறும் என்று மட்டும் அவர் ஒப்பவில்லை. கணித்தவன் பிழைபட்டதனால் வாக்களித்தவர் பொய்யராகார் என்பதே அவர் நிலை. நகையாடியவர்களுக்கு அது பிடிவாதமாகப் பட்டது. ஆயினும் புதிதாக ஒரு நாளைச் சொல்லித் தொண்டர்களைத் தக்கவைத்துக்கொள்ள வாய்ப்பிருந்தும், அவர் அந்த வழியிற் செல்லவில்லை என்பதை மறத்தலாகாது.

தொண்டர்கள் பிரிந்தனர். 2300 ஆண்டுக் கணக்கு சரியே, தூய்மை பெறுவது பூமியன்று, விண்ணகத்துப் பரிசுத்த ஸ்தலம் என விளக்கிய பிரிவு, ஏழாம் நாள் ஓய்வையும் மேற்கொண்டு 1863 இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையாக அமைந்தது. மில்லர் அவ்விளக்கத்தை ஏற்றவரல்லர். ஓய்வுநாள் கொள்கையையும் ஏற்கவில்லை.

1848 இல் வீட்டருகே சிறு கோயில் ஒன்று எழுப்பினார். அவ்வாண்டிலேயே கண்பார்வையும் மங்கியது. வசனம் வசனமாகப் படித்த கண்கள் அவை. 1849 டிசம்பர் 20 அன்று, அறுபத்தேழாம் வயதில் காலமானார். லோ ஹாம்ப்டன் இடுகாட்டிலுள்ள அவர் கல்லறைக் கல்லில் தானியேலின் நூலினின்று எடுத்த வாசகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. முடிவு குறித்த காலத்தில் வரும் என்பது ஒன்றின் பொருள். நாட்கள் முடியுமட்டும் இளைப்பாறியிருந்து, பின் தனக்குரிய பங்கில் எழுந்து நிற்குமாறு முதிய தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் விடைகொடுக்கும் கடைசி வசனம் மற்றொன்று.