செனற்றர் அஸீஸும் எமது வகுப்பறையும்

நூற்றாண்டு மலருக்காகக் கல்விப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, எமது முன்னாள் அதிபர்களில் ஒருவரையே நாம் தெரிவோம் என்று எண்ணியிருப்பார்கள். அவர்களைப் பற்றி எழுத எம்மிலும் மூத்த மாணவியர் பலர் இருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்டவர் எமது பாடசாலையிற் கற்பித்தவரல்லர். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்து, கொழும்பில் வாழ்ந்து, 1973 நவம்பர் 24 இல் காலமான அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர். ஆனாலும் எமது வகுப்பறையில் நடந்த ஒன்றை விளங்கிக்கொள்ள அவருடைய வாழ்க்கையைப்போல் வேறெதுவும் எமக்கு உதவவில்லை.

நாம் சிறுமிகளாக இருந்த காலத்தில் பெரியவர்கள் சொல்லும் ஒரு கதை உண்டு. யாழ்ப்பாணத்தாருக்குப் படிப்பு இரத்தத்திலே ஊறியது, முஸ்லிம் பிள்ளைகளுக்கு வியாபாரம்தான் வரும், மன்னாரார் கடலோடும் வயலோடும் நின்றுவிடுவார்கள் என்பது அந்தக் கதை. சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்ததுதான். பிற்காலத்தில் தினமும் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளோடு வாழும் தொழிலுக்கு வந்தோம். எந்த அறிக்கையிலும் படிப்பின் அளவு குறிக்கப்பட்டிருக்க நாம் கண்டதில்லை.

அஸீஸ் 1911 ஒக்ரோபர் 4 ஆந் திகதி பிறந்தார். தந்தையார் சட்டத்தரணி, யாழ்ப்பாண முஸ்லிம்களிடையே மதிப்புப் பெற்றவர். பிள்ளை முதலிற் குர்ஆன் ஓதப் போனார். பின்னர் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். இலங்கை முஸ்லிம்களின் கல்விக்குப் பின்னாளில் தலைமை தாங்கிய ஒருவர் சைவப் பாடசாலைகளில் உருவானவர் என்பது பலருக்குப் புதினமாக இருக்கும். ஆனால் அவர் எழுதிய சமூக வரலாற்றை விளங்கிக்கொள்ள அதுவே திறவுகோல் என்று நாம் நினைக்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கல்வி என்றால் மிஷன் பாடசாலை. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினறியும் 1824 இல் உடுவில் பெண்கள் பாடசாலையும் தொடங்கியிருந்தன. அங்கே படித்தால் உத்தியோகம் உண்டு. பிள்ளை மதம் மாறிவிடும் என்ற பயமும் உண்டு. அந்தப் பயம் சைவர்களுக்கும் இருந்தது. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கி அதற்கு ஒரு வழி காட்டினார். சமயத்தை விடாமல் படிக்கலாம் என்ற வாசல் அவர்களுக்குத் திறந்தது. பௌத்தர்களுக்குக் கொழும்பில் ஆனந்தாக் கல்லூரி 1886 இல் வந்தது. முஸ்லிம்களுக்கு அப்படியொரு வாசல் கொழும்பு மருதானையில் 1892 இல்தான் திறந்தது. கண்டியில் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பையும் கொழும்பு வாப்பிச்சி மரைக்காரும், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே வாழ்ந்த அறாபி பாஷா கொடுத்த ஊக்கத்தோடு நிறுவிய அந்த மதரஸாவே ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது. நாவலரின் பாடசாலைக்கும் இதற்கும் இடையில் நாற்பத்துநான்கு வருடங்கள். ஒரு தலைமுறை முழுவதும் தாத்தாவாகிவிடும் காலம் அது.

1880களின் முஸ்லிம் சமூகத்தைப் பற்றி அஸீஸ் எழுதிய ஆய்வு இதைத்தான் பேசுகிறது. முஸ்லிம்கள் படிப்பை வெறுத்ததால் பின்தங்கவில்லை. பிள்ளைகளின் ஈமானைக் காப்பாற்றுவதற்காகப் பாடசாலையைத் தவிர்த்தார்கள், அதற்கான விலையை அடுத்தடுத்த தலைமுறைகள் கொடுத்தன என்பது அவர் கண்ட முடிவு. வியாபாரம் சோறு போட்டதால் உத்தியோகத்தைத் தேடிப் போகவேண்டிய அவசரமும் இருக்கவில்லை. வரண்ட மண்ணும் சிறிய காணியும் கொண்ட யாழ்ப்பாணத்தானுக்கு அந்த அவசரம் இருந்தது. பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். வயதுக்கு வந்ததும் படிப்பு நின்றுவிடும். அதை எந்த மிஷனின் தலையிலும் போட முடியாது, சமூகமே ஏற்கவேண்டிய பழி அது.

அஸீஸ் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் படித்து 1933 இல் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்குக் கேம்பிரிட்ஜ் சென்றவர் சிவில் சேவைக்குத் தெரிவாகித் திரும்பி வந்து, 1935 இல் அச்சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம் ஆனார். அந்தக் காலத்தில் அதற்கு மேல் ஒரு பதவியை எந்தத் தாயும் கனவு கண்டிருக்கமாட்டாள்.

1942 இல், யப்பானியக் குண்டுகள் கொழும்பில் விழுந்த வருடம், அவரை உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பினார்கள். போர்க்கால உணவு உற்பத்தியே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. காடு வெட்டி வயலாக்கும் பணியோடு கிராமம் கிராமமாகத் திரிந்தபோது, கெட்டிக்காரப் பிள்ளைகள் காசில்லாமல் ஏர் பிடிக்கப் போவதைக் கண்டார். காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கு நெருங்கிய உறவு இருந்தது. கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றை அமைத்தார். அதன் அனுபவத்திலிருந்துதான் 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி பிறந்தது. அதே 1945 இலவசக் கல்வி வந்த ஆண்டுமாகும். கட்டணம் இல்லாவிட்டாலும் உடுப்பும் புத்தகமும் கொழும்பில் தங்கும் செலவும் இலவசமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எமக்கும் தெரியும், மன்னாரிலிருந்து மருத்துவ பீடத்துக்குப் போன எவளும் பஸ் காசை மறந்திருக்கமாட்டாள்.

1948 இல் அவர் செய்ததைப் பலர் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தார்கள். சிவில் சேவையை உதறிவிட்டு, ரி. பி. ஜாயாவுக்குப் பின் ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். 1961 வரை அங்கே இருந்தார். முஸ்லிம் கல்லூரி என்று கதவைச் சாத்தவில்லை. பிற்காலத்தில் பேராசிரியரான கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்தவர். ஒரு முஸ்லிம் பிள்ளையை உயர்த்தும் பாடசாலை ஒரு இந்துப் பிள்ளையையும் உயர்த்தும் என்பதை, இந்துக் கல்லூரியில் படித்த அஸீஸுக்கு வேறு யாரும் சொல்லிக் கொடுக்கவேண்டி இருக்கவில்லை.

செனற் சபையில் 1952 முதல் 1963 வரை உறுப்பினராக இருந்தார். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது அதை எதிர்த்தார். வேறு முஸ்லிம் தலைவர்கள் சிலர் ஆதரித்த சட்டம் அது. தமிழ் தமது சமூகத்தின் தாய்மொழி என்பதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. இலங்கையில் இஸ்லாம் என்ற அவரது நூல் சாகித்திய பரிசு பெற்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980 இல், அவர் மறைந்த பின், கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது.

அவருடைய சிந்தனையை எமது தீவின்மேல் வைத்துப் பார்ப்போம். மன்னார்த் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் ஒரே மொழி பேசுபவர்கள். கோயிலும் ஆலயமும் பொது. ஆனால் வட்டுக்கோட்டை அங்கே இருந்தது, இங்கே இல்லை. எமது பெண்கள் பாடசாலைகளும் விஞ்ஞான ஆய்வுகூடங்களும் எவ்வளவோ காலம் பிந்தியே வந்தன. இனந்தான் காரணம் என்றால் நாமும் அவர்களைப்போல் அல்லவா இருந்திருக்கவேண்டும்? 1974 இல் மாவட்ட அடிப்படையில் பல்கலைக்கழக அனுமதி வந்தபோது பின்தங்கிய மாவட்டங்களுள் மன்னாரும் ஒன்றாயிற்று. அதற்கு முன் தமிழ் மொழி மாணவருக்குக் கூடிய வெட்டுப்புள்ளி வைத்தது பெரிய அநீதி. அதில் எமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்த மாவட்ட முறையின் கதவால் உள்ளே போன மன்னார்ப் பிள்ளைகளுள் எமது வகுப்பிலிருந்து இருவர். கோட்டாவில் வந்தவர்கள் என்று விடுதியில் எம்மைச் சொன்னார்கள். முதல் வருடம் அது வலித்தது. இறுதிப் பரீட்சையில் எந்த மாவட்டம் என்று எவரும் கேட்கவில்லை.

இனி, இதுவரை தள்ளிப்போட்ட பகுதி. 1990 தை மாதம் நாம் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது எம்மோடு ஏழு முஸ்லிம் பிள்ளைகள் இருந்தார்கள், எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும். கணக்கில் முதலாவது வந்தவள் அவர்களில் ஒருத்தி. அந்த வருட ஒக்ரோபர் முடிவில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்தவர்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். பாடசாலை மறுபடி ஒழுங்காக நடந்தபோது இரண்டு வாங்குகள் வெறுமையாக இருந்தன. பிறகு எம்மைப் பரப்பி இருத்திவிட்டார்கள். அவர்கள் எங்கே என்று நாமும் கேட்கவில்லை. சிறு பிள்ளைகள்தானே என்று இப்போது சொல்லலாம். ஆனால் அடுத்த வருடமும் கேட்கவில்லை, அதற்கடுத்த வருடமும் கேட்கவில்லை.

மருத்துவராகிப் பல வருடங்களின் பின் புத்தளக் கரையோரத்தில் ஒரு தாய்சேய் கிளினிக்கில் வேலை செய்த காலத்தில், கர்ப்பிணி அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்று கண்டு நிமிர்ந்து பார்த்தோம். கணக்குக்காரிதான். கிடுகுக் கொட்டிலில் இருந்து இரவில் படிக்க விளக்கும் இல்லாமல், அகதி முகாமின் நெருக்கமான பாடசாலையில் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாளாம். தன் மகளின் கணக்குப் புள்ளிகளைச் சொன்னாள். எமது வரிசையில் முப்பதுக்கு மேற்பட்ட நோயாளிகள் காத்திருந்தார்கள். நாம் எழுந்து போய் அவளுக்குத் தேநீர் வாங்கி வந்தோம். பெருக்க மரம் இன்னும் நிற்கிறதா என்று கேட்டாள். நிற்கிறது என்றோம். வகுப்புப் படம் யாரிடமாவது இருக்கிறதா என்றும் கேட்டாள்.

படம் இருந்தது, எம்மில் ஒருத்தியின் தாயாருடைய றங்குப் பெட்டிக்குள். இம்மலரில் வேறொரு பக்கத்தில் அதைக் காண்பீர்கள். ஏழு பேரின் பெயர்களும் அவரவர் நின்ற இடத்திலேயே அச்சாகியுள்ளன.