மான்கொம்பும் மனசாட்சியும்

வேட்டையில் வீழ்த்திய மானின் தலையைக் கூடத்துச் சுவரில் மாட்டிவைப்பது ஒரு காலத்தில் வீட்டின் கௌரவமாகக் கருதப்பட்டது. ஜமீன்தார் மாளிகைகளிலும், மலைநகரங்களில் ஆங்கிலேயர் கட்டிய பங்களாக்களிலும் அத்தகைய தலைகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கழுத்தோடு அறுக்கப்பட்டு, மரப்பலகையில் பொருத்தப்பட்டு, கண்ணாடிக் கண்களால் எதிர்ச்சுவரை வெறித்துக்கொண்டிருக்கும் தலை அது. அதைப் பார்ப்பவர்கள், சுட்டவர் யார் என்று கேட்பார்கள். எப்போது சுட்டார் என்றும் கேட்பார்கள். அந்த மான் எந்தக் காட்டில், எப்படி வாழ்ந்தது என்று எவரும் கேட்பதில்லை.

யாரும் கேட்காத அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் கேட்டவர் என்பதால்தான் கார்ல் ஏக்லியைப் பற்றி எழுத விரும்புகிறேன். விலங்குகளைப் பாடம் செய்யும் கலையின் நவீனத் தந்தை என்று உலக அருங்காட்சியகங்கள் அவரைப் போற்றுகின்றன. கொன்ற விலங்குகளைக் கொண்டே புகழ்பெற்ற அவர், ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா அமைவதற்கும் காரணமாக இருந்தார். இந்த முரண்பாட்டை விளக்க முயன்றால், அது மான்களிடம் போய் நிற்கும் என்பது என் எண்ணம்.

ஏக்லி 1864-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் கிளாரண்டன் என்னும் ஊரில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பண்ணை வேலையைவிடப் பறவைகளையும் சிறு விலங்குகளையும் கவனிப்பதிலேயே அவருக்கு நாட்டம். பதின்மூன்று வயதையொட்டி, பாடம் செய்தல் பற்றிய ஒரு புத்தகத்தை நண்பனிடம் இரவல் வாங்கிப் படித்துத் தானே பழகத் தொடங்கினார். பறவையைச் சூழ்ந்திருந்த இயற்கையையும் காட்ட வேண்டும் என்று பின்னணி ஓவியம் தீட்டவும் அந்த வயதிலேயே கற்றுக்கொண்டார்.

அக்காலத்தில் வீடுகளில் செய்யப்பட்ட இந்த வேலை பொறுமையைக் கோருவது. மான்தலையையே எடுத்துக்கொள்வோம். தோலையும் தசையையும் நீக்கிய பின் மண்டையோட்டை நாள்கணக்கில் நீரில் ஊறவைக்க வேண்டும். அல்லது கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் வேகவைக்க வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கவைத்தால் எலும்பு விரிசல் விடும். கொழுப்பு உள்ளே இறங்கி மஞ்சள் பூக்கும். கொம்பு நீரில் மூழ்கக் கூடாது. மூழ்கினால் அதன் நிறம் வெளுத்துவிடும். பிடரித் துளை வழியே மூளையைச் சுரண்டியெடுத்து, கொழுப்பு முழுவதும் வெளியேறும்வரை மீண்டும் மீண்டும் கழுவ வேண்டும். மூக்கின் உட்புறத்திலுள்ள தாள் போன்ற எலும்புகள் உடையாமல் இதைச் செய்து முடிப்பவருக்கு, அந்த விலங்கின் உடல் கட்டப்பட்டிருக்கும் விதம் ஓரளவேனும் புரிந்துபோகும்.

கூர்ந்து நோக்கினால் கொம்பு இன்னொன்றையும் சொல்லும். மாட்டின் கொம்பு போன்றதன்று மானின் கிளைக்கொம்பு. மாட்டுக்கு அது வாழ்நாள் முழுவதும் நிலைத்திருக்கும். மானுக்கோ அது உதிர்ந்து மீண்டும் முளைப்பது. அமெரிக்காவின் வெண்வால் மானுக்கு வசந்தத்தில் கொம்பு முளைவிடும். கோடை முழுவதும் இரத்த ஓட்டமுள்ள, வெல்வெட் போன்ற மெல்லிய தோல் போர்த்தி வளரும். இலையுதிர் காலம் நெருங்குகையில் அத்தோல் உரிய, மான் மரங்களில் உரசிக் கொம்பைத் தீட்டும். இணைசேரும் காலம் முடிந்து குளிர் முதிர்ந்ததும் கொம்பு தானே உதிர்ந்துவிடும். கோடையின் செம்பழுப்புத் தோலும் குளிரில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். ஆகவே மான்கொம்பு ஒருவகை நாட்காட்டி. சுவரில் மாட்டப்பட்ட தலையில் அந்த நாட்காட்டி என்றென்றைக்குமாக ஒரே நாளில் நின்றுபோகிறது.

தம் பத்தொன்பதாவது வயதில் ஏக்லி, ராச்செஸ்டர் நகரில் இருந்த வார்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அமெரிக்க அருங்காட்சியகங்களுக்கு எலும்புக்கூடுகளையும் பாடம் செய்த விலங்குகளையும் அனுப்பிவந்த பெரும் கூடம் அது. வாரச் சம்பளம் மூன்றரை டாலர். தங்குமிடத்துக்கும் உணவுக்கும் நான்கு டாலர். ஆனால் அவரை வருத்தியது ஊதியக் குறைவைவிட அங்கே வேலை நடந்த முறைதான். தோலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, இனி இடமில்லை என்னும்வரை வைக்கோலைத் திணித்துத் தைத்துவிடுவார்கள். கண்ணாடிக் கண்களைப் பதித்தால் வரிக்குதிரை முடிந்தது, மானும் முடிந்தது. ஒருமுறை வரிக்குதிரை ஒன்றின் உடலை இரவெல்லாம் விழித்துப் பாரிஸ் சாந்தில் அச்செடுத்து, உண்மையான தசை அமைப்போடு உருவாக்க அவர் முனைந்தார். அந்த அச்சுகள் குப்பைக்குப் போயின. வரிக்குதிரைக்குள் வழக்கம்போல் வைக்கோலே போயிற்று.

1885-ஆம் ஆண்டு கனடாவில் இரயில் மோதி இறந்த ஜம்போ என்னும் புகழ்பெற்ற சர்க்கஸ் யானையைப் பாடம் செய்யும் பணியில் அவரும் ஈடுபட்டார். அடுத்த ஆண்டு மில்வாக்கி அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். அங்கே 1890-இல், சதுப்புநிலத்தில் வாழும் மஸ்க்ராட் என்னும் எலியினத்தின் குடும்பம் ஒன்றை அதன் வளை, நீர், நாணல் ஆகியவற்றோடு சேர்த்துக் காட்சிப்படுத்தினார். தனித்தனி விலங்குகளை வரிசையாக நிறுத்துவதே வழக்கமாக இருந்த காலத்தில் அது புதுமை. இன்றும் அக்காட்சியை மில்வாக்கியில் காணலாம்.

சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்கு 1896-இல் மாறிய பின்னரே அவருடைய மான்கள் உருவாயின. வெண்வால் மான்களின் குடும்பத்தை வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்கு பருவங்களில், நான்கு தனிக் காட்சிகளாக அமைக்க அவர் விரும்பினார். அருங்காட்சியகப் பணி முடிந்த பின் கிடைத்த நேரத்தில், பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, ஆண்டுக்கணக்கில் உழைத்தார். மானின் அசல் மண்டையோட்டையும் கால் எலும்புகளையும் தாங்கியில் நிறுத்தி, அவற்றின்மீது களிமண்ணால் ஒவ்வொரு தசையையும் உருவாக்கினார். அதிலிருந்து அச்செடுத்து, காகிதக் கூழும் கம்பிவலையும் கொண்ட உள்ளீடற்ற இலேசான உடலைச் செய்து, அதன்மீது தோலைப் போர்த்தினார். வைக்கோலின் இடத்தைச் சிற்பம் பிடித்துக்கொண்டது. பின்னாளில் மனைவியான டிலியா உடனிருந்து, உண்மையான இலைகளிலிருந்து அச்செடுத்து ஆயிரக்கணக்கான மெழுகு இலைகளை ஒவ்வொன்றாக வார்த்தெடுத்தார். 1902-இல் பணி நிறைவுற்றது. அருங்காட்சியகம் தந்த தொகை செலவை ஈடுகட்டியதோடு சரி.

ஒரே மான் குடும்பத்துக்கு எதற்கு நான்கு காட்சிகள் என்று கணக்குப் பார்ப்பவர் கேட்கலாம். ஏக்லியின் பெருமையே அந்த நான்கில்தான் இருக்கிறது என்பேன். மான் என்பது ஒரு தலையோ ஒரு ஜோடிக் கொம்போ அல்ல, ஓராண்டுச் சுழற்சி. கொம்பு இல்லாத நாளும் மானின் நாளே. அது மேயும் புல், ஒதுங்கும் புதர், மிதிக்கும் பனி ஆகியவற்றைப் பிரித்துவிட்டால் எஞ்சுவது தோலும் எலும்பும் மட்டுமே. அக்காட்சிகளின்முன் நிற்பவருக்குச் சுட்டவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை. இந்த மான் வாழ ஒரு காடு வேண்டும் என்ற எண்ணமே எழுகிறது.

ஆனால் ஏக்லியும் சுட்டவர்தான். இதை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது. 1896-இல் சோமாலிலாந்தில் அவர் காயப்படுத்திய சிறுத்தை அவர்மீது பாய்ந்தது. கையை அதன் தொண்டைக்குள் திணித்து, முழங்காலால் மார்பை அழுத்திக் கொன்று பிழைத்தார். 1910-இல் கென்யா மலைச்சரிவில் யானை ஒன்று அவரைத் தரையோடு நசுக்கியது. அதன் தந்தங்களுக்கிடையே புகுந்ததால் மட்டுமே உயிர் தப்பினார். உடன்வந்த சுமைதூக்கிகள் அவர் இறந்துவிட்டதாகவே எண்ணினர். இருளிலும் மழையிலும் காட்டைக் கடந்து வந்து மீட்டவர் டிலியா. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த அந்நாள்களில்தான், ஆப்பிரிக்க விலங்குகளை அவற்றின் நிலக்காட்சிகளோடு ஒரே மண்டபத்தில் காட்டும் பெருந்திட்டம் அவர் மனத்தில் உருவானது. மறைவதற்குள் ஒரு பதிவையாவது செய்துவிட வேண்டும் என்பதே அவர் கூறிய நியாயம்.

அந்த நியாயம் 1921-இல் ஆட்டம் கண்டது. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக மலைக் கொரில்லாக்களைத் தேடி, அன்றைய பெல்ஜியக் காங்கோவின் மிக்கேனோ எரிமலைச் சரிவுகளுக்குச் சென்றார். தேவையான கொரில்லாக்கள் கிடைத்தன. வீழ்ந்து கிடந்த ஒன்றின் முகத்தைப் பார்த்தபோது தாம் ஒரு கொலைகாரன் என்ற உணர்வைத் தவிர்ப்பதே பெரும்பாடாக இருந்தது என்று அவரே பின்னர் எழுதினார். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை முழுவதையும் சுடாமல் துப்பாக்கியைத் தாழ்த்தினார். விலங்குகளைப் படமெடுப்பதற்கென்று தாமே வடிவமைத்த கேமராவால் உயிருள்ள கொரில்லாக்களைப் பதிவு செய்தார். காட்டுக் கொரில்லாக்களின் முதல் திரைப்படப் பதிவு அது.

நாடு திரும்பியவர், கொரில்லாக்கள் வெறிகொண்ட அரக்கர்கள் என்ற பொதுநம்பிக்கையை மறுத்து எழுதினார். அவற்றின் வாழிடத்தை வேட்டைக்கு அப்பாற்பட்ட புகலிடமாக்க வேண்டும் என்று பெல்ஜிய அரசை விடாமல் வற்புறுத்தினார். அமெரிக்க தேசியப் பூங்காக்களை நேரில் கண்டிருந்த மன்னர் முதலாம் ஆல்பர்ட் இசைந்தார். 1925-இல் ஆல்பர்ட் தேசியப் பூங்கா உருவானது. இன்று விருங்கா என்றழைக்கப்படும் அதுவே ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா. காலனியாதிக்கத்தின் ஆணையாக வந்த அப்பூங்கா, அந்த மண்ணில் வாழ்ந்த மக்களின் சம்மதத்தைக் கேட்டுப் பிறந்ததல்ல. அந்தக் குறையின் விளைவுகள் இன்றும் தொடர்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1926-இல் இரண்டாவது மனைவி மேரி ஜோபுடன் ஏக்லி மீண்டும் அம்மலைக்குச் சென்றார். நோய்வாய்ப்பட்டு நவம்பர் மாதம் அங்கேயே காலமானார். மிக்கேனோவின் சரிவில், கபாரா என்னுமிடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கனவு கண்ட ஆப்பிரிக்க மண்டபம் 28 காட்சிகளுடன் அவர் பெயரிலேயே 1936-இல் நியூயார்க்கில் திறக்கப்பட்டது. கொரில்லாக் காட்சியின் பின்னணியில் தீட்டப்பட்டிருப்பது, அவர் அடக்கமான இடத்தருகே இருந்து தெரியும் மலைகள்தாம்.

ஏக்லியின் வாழ்க்கையை ஒரு மனமாற்றக் கதையாக, வேட்டைக்காரன் துறவியான கதையாகச் சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொரில்லாவின் முகம் அவரை நிறுத்தியது உண்மை. ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, உதிர்ந்து முளைக்கும் மான்கொம்பை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு விலங்கின் முழு ஆண்டையும் கற்பனை செய்யப் பழகியவர் அவர். அந்தப் பழக்கம் இல்லாத வேட்டைக்காரர்கள் எத்தனையோ கொரில்லாக்களின் முகங்களைப் பார்த்தார்கள்; துப்பாக்கியை மீண்டும் நிரப்பிக்கொண்டார்கள். இரக்கம் திடீரென வந்துவிடுவதில்லை. அதற்கு முன்னால் நெடுநாள் கவனம் வேண்டும்.

தம் கலையின் எல்லையையும் அவர் அறிந்திருந்தார். உலகிலேயே மிகச் சிறப்பாக விலங்குகளைப் பாடம் செய்யத் தெரிந்தவர், பாடம் செய்தல் போதாது, காடே வேண்டும் என்று ஒரு மன்னரிடம் மன்றாடியிருக்கிறார். அவர் கொன்ற உயிர்களுக்கு அது கணக்கை நேர்செய்துவிடுமா? செய்யாது என்றே நினைக்கிறேன். எனினும் கணக்கு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டவர் என்ற வகையில் அவர் தம் காலத்தவர் பலரிலிருந்து வேறுபடுகிறார்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், கொம்பு, எலும்பு, தோல், பாடம் செய்யப்பட்ட உடல் ஆகிய அனைத்தையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் கொம்பைக்கூட விருப்பம்போல் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. உயிரைக் கொல்லாமல் எடுத்துவரும் கொம்பில் என்ன குற்றம் என்று சிலர் கேட்பதுண்டு. உதிர்ந்த கொம்புக்கு விலை வைத்துவிட்டால், உதிரும்வரை காத்திருக்க எவருக்கும் பொறுமை இருக்காது என்பதே அதற்கு விடை. அதுமட்டுமன்று, காட்டில் கிடக்கும் கொம்பை எலிகளும் முள்ளம்பன்றிகளும் சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறிக்கின்றன, எஞ்சியது மண்ணுக்குப் போகிறது. அதற்கும் உரியவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை இன்று ஆயிரத்தைக் கடந்திருக்கிறது. விருங்காவைக் காக்கும் பணியில் வனக்காவலர்கள் பலர் தம் உயிரையே தந்திருக்கிறார்கள். அந்தக் காவலர்களின் பெயர்களும் ஏக்லியின் பெயரோடு சேர்த்து நினைக்கப்பட வேண்டியவை. நியூயார்க் மண்டபத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் கொரில்லாவின் வழித்தோன்றல்கள், கபாராவைச் சூழ்ந்த காட்டில் இன்னமும் இலை பறித்துத் தின்றுகொண்டிருக்கின்றன.