மீண்டும் மாணவியான வீராங்கனை
(அமேலியா இயர்ஹார்ட் அம்மையாரின் வாழ்க்கை வரலாறு)

  

நமது சாலாக் செலாத்தானுக்கு அருகிலேயே சுங்கை பெசி விமானத் திடல் இருந்ததை நம் பெரியவர்கள் நன்கறிவர். 1965ஆம் ஆண்டில் சுபாங் விமான நிலையம் திறக்கப்படும் வரையில், தலைநகருக்கு வரும் பயணிகள் விமானங்கள் அங்குதான் இறங்கின. பின்னர் ஆகாயப் படையின் தளமாக விளங்கிய அத்திடல் 2018ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அங்கு வந்திறங்கிய விமானங்களுள் பல, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு இயந்திரங்களைக் கொண்டவை.

ஓர் இயந்திரமுள்ள விமானத்தை ஓட்டத் தெரிந்தவர், இரண்டு இயந்திரமுள்ள விமானத்தையும் அப்படியே ஓட்டிவிடலாமா? ஓட்டிவிட இயலாது. அதற்கெனத் தனிப் பயிற்சி பெறவேண்டும். தனித் தேர்விலும் தேறவேண்டும். புகழின் உச்சியை அடைந்த பிறகும், இப்பயிற்சிக்காக மீண்டும் மாணவியாக அமர்ந்தவர் அமேலியா இயர்ஹார்ட் அம்மையார். அவர் கற்றுத் தேர்ந்தவை எவை, கற்காமல் விட்டவை எவை என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

இளமைப் பருவம்

அமேலியா, அமெரிக்க நாட்டின் கான்சஸ் மாநிலத்தில் அட்சிசன் என்னும் ஊரில் 1897ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24ஆம் நாள் பிறந்தார். தந்தையார் எட்வின், இரயில்வே நிறுவனத்தில் பணியாற்றிய வழக்கறிஞர். மியூரியல் என்னும் தங்கையும் உண்டு. பெண் பிள்ளைகள் வீட்டிற்குள் அடங்கியிருக்க வேண்டும் என்று ஊரார் எண்ணிய அக்காலத்தில், அமேலியா மரம் ஏறினார்; பனிச்சறுக்கு வண்டியில் பாய்ந்தார். ஒருமுறை கொட்டகைக் கூரையிலிருந்து பலகைகளைச் சரிவாக அமைத்து, மரப் பெட்டியில் அமர்ந்து சறுக்கிப் பறக்க முயன்று கீழே விழுந்தார். அடிபட்டும் அவர் முகத்தில் மகிழ்ச்சியே பொங்கியதாம்.

அம்மகிழ்ச்சி நெடுங்காலம் நீடிக்கவில்லை. குடிப்பழக்கம் தந்தையாரைப் பற்றிக்கொண்டது. அவர் வேலை பறிபோயிற்று. குடும்பம் ஊர் ஊராக அலைந்தது. பிள்ளைகள் பள்ளி மாறிக்கொண்டே இருந்தனர். இத்தனை அல்லல்களுக்கிடையிலும் அமேலியா படிப்பைக் கைவிடவில்லை. 1916ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்தார். முதலாம் உலகப் போரின்போது கனடாவின் டொரொன்டோ நகருக்குச் சென்று, காயமுற்ற போர்வீரர்களுக்கு மருத்துவமனையில் பணிவிடை செய்தார்.

பறக்கக் கற்றல்

1920ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், கலிபோர்னியா மாநிலத்தில் பத்து நிமிடங்கள் விமானத்தில் பறக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. தரையை விட்டு எழுந்த அக்கணமே, தாமும் விமானியாக வேண்டும் என்னும் உறுதி அவர் உள்ளத்தில் பிறந்தது.

உறுதி பிறந்தால் போதுமா? பயிற்சிக்குப் பணம் வேண்டாமா? தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்தும், வேறு பல வேலைகளைப் பார்த்தும் அவர் பொருள் ஈட்டினார். வண்டி செல்லும் கடைசி இடம் வரை சென்று, அங்கிருந்து நெடுந்தூரம் நடந்தே பயிற்சித் திடலை அடைந்தார். 1921ஆம் ஆண்டு ஜனவரியில் அவருக்கு முதற்பாடம் புகட்டியவர் நெட்டா சினூக் என்னும் பெண் விமானி. பின்னர் மஞ்சள் நிறச் சிறு விமானம் ஒன்றையும் வாங்கினார். 1922ஆம் ஆண்டில் 14,000 அடி உயரம் பறந்து பெயர் பெற்றார். 1923இல் அனைத்துலக விமானி உரிமமும் அவர் கைக்கு வந்தது.

ஆயினும் வறுமை மீண்டும் வந்து சூழ்ந்தது. விமானத்தை விற்க நேர்ந்தது. பின்னர் பாஸ்டன் நகரில், பிறநாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழை மக்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்பிக்கும் சமூகப் பணியில் அமர்ந்தார்.

மூட்டையாகக் கடந்த கடல்

1928ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அட்லாண்டிக் பெருங்கடலை விமானத்தில் கடந்த முதற்பெண் என்னும் புகழ் அமேலியாவுக்குக் கிட்டியது. கனடாவை அடுத்த நியூபவுண்ட்லாந்திலிருந்து வேல்ஸ் நாடு வரையில் 20 மணி 40 நிமிடங்கள் நீடித்த பயணம் அது. உலகமே அவரைப் பாராட்டியது, ஊர்வலங்கள் நடந்தன, இதழ்கள் புகழ்ந்தன.

ஆனால் அமேலியாவின் உள்ளம் மட்டும் நிறைவடையவில்லை. காரணம் யாது? அவ்விமானம் மூன்று இயந்திரங்களைக் கொண்டது. பல இயந்திரங்களைக் கையாளும் பயிற்சியோ, மேகமூட்டத்தில் வெளியே பாராமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சியோ அப்பொழுது அவருக்கு இல்லை. ஆகவே வேறொருவர் விமானத்தை ஓட்ட, அவர் அமர்ந்து மட்டுமே சென்றார். தாம் ஓர் உருளைக்கிழங்கு மூட்டையைப் போலவே கடலைக் கடந்ததாக அவரே வெளிப்படையாகக் கூறிக்கொண்டார். செய்யாத செயலுக்குக் கிடைத்த புகழை ஏற்க மனமின்றிக் கூசிய அப்பண்பு போற்றத்தக்கது அன்றோ!

அன்றுமுதல் குறையை நிறைவாக்க முனைந்தார். கருவிகளைக் கொண்டு பறக்கும் வித்தையைக் கற்றார். 1932ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், ஓர் இயந்திரமுள்ள விமானத்தில் தன்னந்தனியாக நியூபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்டார். இடியும் மின்னலும் எதிர்ப்பட்டன. இறக்கைகளில் பனி உறைந்தது. உயரம் காட்டும் கருவி பழுதாயிற்று. இயந்திரத்தின் புகைக்குழாய் வெடித்துத் தீக்கொழுந்து தெரிந்தது. ஏறக்குறைய 15 மணி நேரத்திற்குப் பின், வட அயர்லாந்தின் மேய்ச்சல் நிலம் ஒன்றில் நலமே இறங்கினார். அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியே பறந்து கடந்த முதற்பெண் அவரே. 1935ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவிலிருந்து கலிபோர்னியா வரையிலும் தனியே பறந்தார். பெண் விமானிகளை ஒன்றுதிரட்டிய சங்கத்திற்கு முதல் தலைவியாகவும் விளங்கினார்.

இரட்டை இயந்திரப் பயிற்சி

நிலநடுக்கோட்டை ஒட்டி உலகைச் சுற்றிவர வேண்டும் என்பது அமேலியாவின் அடுத்த எண்ணம். அதற்கெனப் பர்டியூ பல்கலைக்கழகத்தின் துணையால் லாக்ஹீட் எலக்ட்ரா என்னும் விமானம் கிடைத்தது. 1936ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், தமது 39ஆம் பிறந்த நாளில், அதனை அவர் பெற்றுக்கொண்டார். அதில் 600 குதிரைத்திறன் வாய்ந்த இயந்திரங்கள் இரண்டு இருந்தன.

இங்கேதான் அவர் மீண்டும் மாணவியானார். ஏன் என்பதை நாம் எளிய எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்வோம். இரண்டு மாடுகள் பூட்டிய வண்டியில் இடப்பக்க மாடு திடீரென நின்றுவிட்டால், வலப்பக்க மாடு மட்டும் இழுக்கும். வண்டி இடப்பக்கமாகத் திரும்பிவிடும். இரட்டை இயந்திர விமானமும் இத்தன்மையதே. ஓர் இயந்திரம் நின்றால், நின்ற இயந்திரத்தின் பக்கமாக விமானம் திரும்பும். அந்தப் பக்கத்து இறக்கையும் தாழும். விமானி உடனே எதிர்ப்பக்கக் காலால் மிதியை அழுத்தி, வாலிலுள்ள சுக்கானைத் திருப்பி நேர்ப்படுத்த வேண்டும். வேலையற்று நிற்கும் கால் எதுவோ, அந்தப் பக்கத்து இயந்திரமே நின்றுபோனது என்பது விமானிகள் கற்கும் பாடங்களுள் ஒன்று.

சுக்கான் வேலை செய்ய வேகம் வேண்டும். குறித்த வேகத்திற்குக் கீழே சென்றால், மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. விமானம் புரண்டு விழும். ஆகவே இக்காலச் சிறிய இரட்டை இயந்திர விமானங்களின் வேகமானியில் அந்த எல்லையைச் சிவப்புக் கோட்டால் குறித்திருப்பார்கள். ஓர் இயந்திரத்தோடு மேலேறுவதற்கு உகந்த வேகத்தை நீலக் கோடு காட்டும். பயிற்சியின்போது ஆசிரியர் முன்னறிவிப்பின்றி ஓர் இயந்திரத்தின் விசையைக் குறைப்பார். மாணவர் தடுமாறாமல் சமாளிக்க வேண்டும். ஓடுபாதையில் வேகம் வரும் முன்னரே ஓர் இயந்திரம் நின்றால், மற்றதன் விசையையும் உடனே குறைத்து விமானத்தை நிறுத்திவிட வேண்டும். ஒரு முறை செய்தால் போதாது. கையும் காலும் தாமாகச் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும்.

அமேலியாவுக்குப் பால் மேன்ட்ஸ் என்னும் தேர்ந்த விமானி பயிற்சியளித்தார். தரையிலேயே அமர்ந்து பழகும் பயிற்சிக் கூண்டிலும் அமேலியா பல மணி நேரம் பழகினார். எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் முறையை லாக்ஹீட் நிறுவனத்தின் பொறியியலாளர் கெல்லி ஜான்சன் உடன் பறந்து கற்பித்தார்.

ஹொனலூலுவில் நேர்ந்த விபத்து

1937ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் அமேலியா மேற்கு நோக்கிப் புறப்பட்டு ஹவாய்த் தீவை அடைந்தார். மூன்றாம் நாள், எரிபொருள் பாரத்தோடு விமானம் ஓடுபாதையில் விரைந்தபொழுது வலப்பக்கமாக இழுத்தது. அமேலியா இடப்பக்க இயந்திரத்தின் விசையைக் குறைத்தார். விமானம் இப்பொழுது இடப்பக்கமாகச் சுழன்றது. சக்கரக் கால்கள் முறிந்தன. விமானம் வயிற்றால் தேய்ந்து நின்றது. தீப்பற்றாததால் உயிர்கள் தப்பின. சக்கரம் வெடித்தது என்பார் சிலர். இயந்திர விசையை ஏற்றி இறக்கித் திசை திருப்பியதே காரணம் என்பது பால் மேன்ட்ஸின் கருத்து.

அமேலியா மனம் தளரவில்லை. விமானத்தைக் கப்பலில் ஏற்றிக் கலிபோர்னியாவுக்கு அனுப்பிச் செப்பனிடச் செய்தார். ஜூன் முதல் நாள் மியாமி நகரிலிருந்து, இம்முறை கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். வழிகாட்டியாக பிரெட் நூனன் உடன் சென்றார்.

நம் நாட்டின் வழியே

தென் அமெரிக்காவையும் ஆப்பிரிக்காவையும் கடந்து, செங்கடற்கரையிலிருந்து எங்கும் இறங்காமல் பறந்து கராச்சியை அடைந்தார். அவ்வாறு பறந்தவர் அதற்கு முன் எவருமிலர். கல்கத்தா, அக்யாப், ரங்கூன் எனப் பருவமழையோடு போராடிய அவர், ஜூன் 20ஆம் நாள் பாங்காக்கிலிருந்து தெற்கே பறந்து சிங்கப்பூரில் இறங்கினார். அங்கே காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டு எட்டு நாள்களே ஆகியிருந்தன. அவர் வந்து சென்ற எட்டாம் நாள், அதாவது ஜூன் 28ஆம் நாள், சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய நகரங்களை இணைக்கும் வேர்ன்ஸ் நிறுவனத்தின் விமானச் சேவை தொடங்கிற்று. அதில் பறந்தவையும் இரட்டை இயந்திர விமானங்களே. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது.

இறுதிப் பயணம்

ஜாவா, ஆஸ்திரேலியா வழியாக நியூகினித் தீவின் லே நகரை அடைந்தபொழுது, அமேலியா ஏறக்குறைய 35,000 கிலோமீட்டர் பறந்திருந்தார். கண்டம் கடந்த அத்தனை பயணத்திலும் இரட்டை இயந்திர விமானம் அவர் கைக்கு அடங்கி நடந்தது. பெற்ற பயிற்சி வீண்போகவில்லை.

ஆனால் கற்காமல் விட்டது ஒன்று இருந்தது. வானொலிக் கருவிகளை நுணுக்கமாகக் கையாளும் திறனும், மோர்ஸ் தந்திக் குறியீடுகளில் தேர்ச்சியும் அவருக்கும் நூனனுக்கும் போதிய அளவு இல்லை. அவற்றில் வல்லவரான ஹேரி மேனிங், ஹொனலூலு விபத்துக்குப் பின் விலகிச் சென்றிருந்தார். பாரம் குறைய வேண்டுமென்று தந்தி அனுப்பும் கருவியும் மியாமியிலேயே விடப்பட்டது.

ஜூலை 2ஆம் நாள் லே நகரிலிருந்து, ஏறக்குறைய 4,100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹவ்லண்ட் தீவை நோக்கிப் புறப்பட்டனர். பெருங்கடலின் நடுவே, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமுடைய மணல் திட்டு அது. அங்கே காத்திருந்த இட்டாஸ்கா என்னும் அமெரிக்கக் கப்பலில் அமேலியாவின் குரல் தெளிவாகக் கேட்டது. தீவுக்கு அருகில் வந்துவிட்டதாகவும், ஆனால் கண்ணுக்குப் புலப்படவில்லை என்றும், எரிபொருள் குறைந்துவருவதாகவும் அவர் தெரிவித்தார். கப்பலார் பேசியதோ அவருக்குச் சரிவரக் கேட்கவில்லை. வானொலி அலைகொண்டு திசை அறியும் முயற்சி இரு பக்கத்திலும் பலிக்கவில்லை. பின்னர் அக்குரல் ஓய்ந்தது. கப்பல்களும் விமானங்களும் ஜூலை 19 வரை தேடின, பயனில்லை. 1939ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், அமேலியா இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவித்தது. விமானம் இன்றுவரை கண்டெடுக்கப்படவில்லை.

நாம் பெறும் பாடம்

அமேலியா அம்மையாரின் வீரத்தை உலகம் போற்றுகிறது. அவ்வீரத்தினும் சிறந்தது, தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொண்டு மீண்டும் கற்க அமர்ந்த அவருடைய பணிவு. அப்பணிவால் கற்றவை அனைத்தும் அவரைக் காத்தன. நேரமின்மையால் விட்ட ஒன்றே அவரைக் கைவிட்டது.

மாணவச் செல்வங்களே! ஒரு பாடத்தில் முதல் மதிப்பெண் பெற்றவர், தமக்கு வராத பாடத்தை ஒதுக்கிவிடுதல் தகாது. ஒதுக்கிய பாடமே ஒருநாள் தேவைப்படும். தொழிலாளத் தோழர்களே! மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் லாரி ஓட்டப் புதிதாகப் பயில்வது போல, எந்த வயதிலும் புதிய தொழிலைக் கற்பதில் இழிவு ஏதுமில்லை. பெற்றோர்களே! பெண் பிள்ளைக்கு இது போதும் என்று கல்வியைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். கூரையிலிருந்து சறுக்கி விழுந்த சிறுமிதான் பெருங்கடலைத் தனியே கடந்தார் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

நம் பள்ளியில் பயிலும் செல்வங்களுள் சிலராவது நாளை விமானியர் இருக்கையில் அமர வேண்டும் என்பது நம் அவா. அமரும் அந்நாளில், தொடங்கிய பயிற்சியை முழுமையாகக் கற்றுத் தேறியவர்களாக அமர்வார்களாக!